ஒன்றரை டன் குளிர்: ஐஸ் ஹவுஸ் முதல் நம் மொட்டை மாடி வரை

ஏ.சி. வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா சார்?" என்பதுதான். நாமும் அதிகம் யோசிக்காமல் ஒன்றரை என்று சொல்லிவிட்டு வருகிறோம். எது ஒன்றரை டன்? பெட்டியின் எடை நிச்சயமாக இல்லை. அவ்வளவு எடை இருந்தால் நம் பால்கனி தாங்காது. அது பனிக்கட்டியின் எடை. குளிரூட்டும் இயந்திரம் பரவுவதற்கு முன், குளிர் என்பது தராசில் நிறுத்து விற்ற சரக்கு. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றிலுமிருந்து எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுதான் ஒரு டன் குளிர். இன்றைய அளவில் சுமார் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், 1,360 கிலோ ஐஸ் கட்டியை வீட்டுக்குள் வைத்து உருக்கியதற்குச் சமம்.

வரும் பொதுக்குழுவில் மொட்டை மாடித் தளத்தைப் புதுப்பிப்பது பற்றிய தீர்மானம் வருகிறது. ஒழுகுவதை அடைத்தால் போதுமா, வெயிலையும் தடுக்க வேண்டுமா, அதற்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர்களும் ஏன் பணம் தர வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே விவாதம் தொடங்கிவிட்டது. ஓட்டுப் போடுவதற்கு முன் இந்த ஊர்க் கூரையின் கதையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

ஐஸ் கட்டியிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, கட்டிகளைக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833-இல் அவருடைய முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. சுமார் 180 டன் ஐஸுடன் புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சமிருந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். உள்ளூரிலேயே நீராவி இயந்திரத்தால் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் வியாபாரம் படுத்தது. கட்டடம் வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் கைக்குப் போனது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் பஸ் கண்டக்டருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அது ஐஸ் ஹவுஸ்தான்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு விஷயம் உண்டு. நான்கு மாதம் அந்த ஐஸைக் காப்பாற்றியது எது? கப்பலில் இயந்திரம் எதுவும் இல்லை. கட்டிகளைச் சுற்றி அடைத்திருந்த மரத்தூள்தான். குளிரை உண்டாக்குவது ஒரு வேலை, வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது வேறொரு வேலை. இரண்டாவது வேலைக்கு எரிபொருள் வேண்டாம். நம் வீடுகளின் நூறு ஆண்டு வரலாறு என்பது, இந்த இரண்டாவது வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டு எல்லாவற்றையும் முதல் வேலையின் தலையில் கட்டிய வரலாறு.

அந்தத் தடுக்கும் வேலையை இந்த ஊரில் செய்தது 'மெட்ராஸ் டெரஸ்' என்று கட்டுமானப் புத்தகங்களில் பெயர் பெற்ற கூரை. மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் இடிபடாமல் இருக்கும் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, குறுக்குக் கோணத்தில் சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாக அடுக்குவார்கள். அதற்கு மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க அடுக்கு இறுகும். கடைசியில் தட்டோடு பதித்துப் பூசிவிடுவார்கள். செங்கல், சுண்ணாம்பு, மறுபடி செங்கல் என்று வெயில் கீழே இறங்க வேண்டிய பாதை நீளமானது. அதோடு 12 அடி, 14 அடி உயரக் கூரை, சூடான காற்று வெளியேறச் சுவரின் உச்சியில் வென்டிலேட்டர், நடுவில் முற்றம், வாசலில் திண்ணை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. உத்திரத்தைக் கரையான் அரித்தது. பராமரிக்காவிட்டால் மழைக்கு ஒழுகியது. கட்டை அடித்த பெண்களின் கூலி அற்பம். கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் வந்த காற்று, வெளியே உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த பங்கா ஆளின் தோள்வலி. மின்விசிறி வந்து அந்த வேலையை ஒழித்ததை யாரும் குறை சொல்ல முடியாது. தேக்கு விலை ஏறியபோது காங்கிரீட் வந்து ஜெயித்ததும் நியாயமானதே. அகலமான அறைக்கும் அடுக்குமாடிக்கும் அது இல்லாமல் வழியில்லை. 1959-இல் மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்ததில் ஆச்சரியமில்லை.

காங்கிரீட் வந்ததால்தான் வீடு சூடானது என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதி, 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் முடிந்த காங்கிரீட் கட்டடம். வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். டோக்கியோவில் பெயர் பெற்றவர். அவர் சார்பில் இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ் அடைந்த ஜார்ஜ் நகஷிமா. அந்தக் கட்டடத்தின் நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருக்கின்றன. வெயில் நேராக அறையும் கிழக்கு, மேற்குப் பக்கங்கள் குறுகலானவை. நீளப் பக்கங்களில் ஜன்னலே கிடையாது. பக்கம் முழுவதும் திறந்து மூடக்கூடிய கிடைமட்டப் பலகைகள். காற்று வரும், வெளிச்சம் வரும், நேர் வெயிலும் மழையும் வராது. எல்லாவற்றையும்விடக் கூரைதான் எனக்குப் பிடித்தது. காங்கிரீட் தளத்தின் மேல் இடைவெளி விட்டு, வளைந்த காங்கிரீட் ஓடுகளை இரண்டாவது கூரையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். வெயில் ஓட்டைச் சுடும். ஓட்டின் அடியில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். தளம் நிழலிலேயே இருக்கும். ஏ.சி. இல்லாமல் வாழ்வதற்கென்றே கட்டப்பட்ட காங்கிரீட் கட்டடம், அதுவும் நம் கடற்கரை வெயிலில்!

ஆக, தெரியாமல் போன வித்தை அல்ல. பிறகு ஏன் நம் அடுக்குமாடிகள் அப்படி இல்லை? என் கணிப்பில் பெரும் காரணம், வீடு சதுர அடிக் கணக்கில் விற்கும் சரக்கானதுதான். 1970-களிலிருந்து பங்களாக்கள் இடிபட்டு ஃபிளாட்டுகள் எழுந்தன. நிழல் தரும் எதுவும், அகலமான வராந்தா, ஆழமான சன்ஷேடு, உயரமான கூரை, முற்றம், எதுவும் விற்கும் சதுர அடியில் சேராது. சுவர் மெலிந்தது. கூரை பத்தடிக்கு இறங்கியது. ஒரு மனையில் நான்கு வீடு வைத்தால் ஒரு வீட்டின் ஜன்னல் கண்டிப்பாக மேற்கைப் பார்க்கும். வென்டிலேட்டரை ஏ.சி.க்காக நாமே அடைத்தோம். பால்கனியைக் கண்ணாடி போட்டு அறையாக்கியதும் பில்டர் அல்ல, நாம்தான். ஆனாலும் தொடக்க காலக் கட்டடங்களின் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்ற பழைய வரிசை மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. நம் தளத்திலும் இருப்பது அதுதான். அதன் நோக்கம் தண்ணீரைத் தடுப்பது மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

இந்த இடைவெளியில்தான் இயந்திரம் நுழைந்தது. 1902-இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு விலகியது. காகிதத்தைக் காப்பாற்றத்தான் ஏ.சி. பிறந்தது. நம் ஊரில் நெடுங்காலம் அது சினிமா தியேட்டரிலும் பெரிய ஓட்டலிலும் மட்டும் கிடைத்த சுகம். ஆடம்பரப் பொருள் என்று கனத்த கலால் வரி. 1991-க்குப் பிறகு வரி இறங்கியது, சம்பளம் ஏறியது, தவணை வந்தது. 2000-க்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகங்கள் கண்ணாடிப் பெட்டிகளாக எழுந்தன. குளிர்நாட்டில் வெயிலை உள்ளே பிடித்து வைக்கக் கட்டிய வடிவத்தை, வெயிலைத் துரத்த வேண்டிய ஊரில் கட்டினால் என்ன ஆகும்? உள்ளே ஸ்வெட்டர், வெளியே கூரை முழுக்கக் குளிரூட்டி.

இங்கே கரியமில வாயுக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். உலகில் ஆற்றல் பயன்பாட்டால் வெளியாகும் கரியமில வாயுவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், வீடுகளையும் வணிகக் கட்டடங்களையும் இயக்குவதால் வருகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், சராசரியாக ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நம் வீட்டில் புகைபோக்கி இல்லை. அது எண்ணூரிலும் நெய்வேலியிலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மீட்டரில் தெரியாத இன்னொரு கணக்கும் உண்டு. ஏ.சி.க்குள் இருக்கும் வாயு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் பழைய வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 2,088 மடங்கு. ஒரு ஏ.சி.யிலிருந்து ஒரு கிலோ கசிந்தால், கிட்டத்தட்ட 3,000 யூனிட் மின்சாரம் செலவழித்த பாவம். இப்போதைய ஆர்-32-க்கு அது 675 மடங்கு. அதனால் ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடலாம்" என்று மெக்கானிக் சொன்னால், முதலில் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். போன கோடையில் ஏற்றியது எங்கே போயிற்று?

சட்டம் இந்தப் பக்கம் திரும்பியது தாமதமாகத்தான். 2001-இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், மறு ஆண்டு அதற்கென ஓர் அமைப்பு, 2006-இல் நட்சத்திர முத்திரை. 2010 முதல் ஏ.சி.க்கு அந்த முத்திரை கட்டாயம். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர், வளாகத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் என்று வாங்கிப் போட்டோமே தவிர, செலவைக் குறைப்பது பற்றி அப்போது நாம் அதிகம் பேசவில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் மட்டும் உண்மையிலேயே பெரிய வெற்றி. 2014-இல் அரசு நிறுவனம் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பு, 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. குண்டு பல்பு காணாமலே போனது. 2020 ஜனவரி முதல், புதிய ஏ.சி.யைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அந்த அமைப்பின் கணக்கு.

இவை எல்லாம் இயந்திரத்தைத் திருத்திய விதிகள். சுவரையும் கூரையையும் திருத்தும் விதி, பெரிய வணிகக் கட்டடங்களுக்கு 2007-இல் வந்தது. வீடுகளுக்கு 2018 டிசம்பரில், 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில். அதில் ஒரு வரி நமக்கு முக்கியம். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும், மேலுக்கும் கீழுக்கும் இடையிலான ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 1.2 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடாது என்கிறது அது. வெறும் 15 செ.மீ. காங்கிரீட் தளம் கடத்துவது 3 வாட்டுக்கும் மேல்.

இது நம் மேல்மாடிக்கு என்ன சொல்கிறது? மே மாதப் பிற்பகலில் வெறும் காங்கிரீட் தளம் 55 முதல் 60 டிகிரி வரை சுடும். மேலுக்கும் கீழுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நூறு சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி வீட்டுக்குள் கூரை வழியாக மட்டும் 6 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கும். ஒன்றரை டன் ஏ.சி.யின் மொத்தத் திறனே 5.3 கிலோவாட்தான்! கூரை 1.2 வாட் விதிக்கு உட்பட்டிருந்தால் அதே வெப்பம் 2.4 கிலோவாட். இரவு பத்து மணிக்கும் மேல்மாடி மின்விசிறி அனல் காற்றைக் கொட்டுவதற்குக் காரணமும் இதுதான். காங்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை மணிக்கணக்கில் வைத்திருந்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறது. நம் தளத்தில் தட்டோடும் ஜல்லியும் இருப்பதால் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் தட்டோடு விரிந்து, ஜல்லி நைந்து, ஈரம் ஏறிய இடங்களில் அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. ஈரமான அடுக்கு வெப்பத்தைத் தடுக்காது.

புதிய விதிகள் புதிய கட்டடங்களுக்குத்தான். 1990-களில் கட்டிய நம் கட்டடத்தின் படியேறி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. இந்த வேலை சங்கத்தின் தலையில்தான் விழுகிறது.

கீழ்த்தளத்துக்காரர் ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். 2003-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலையில் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தது. சில மாதங்களில் ஊர் முழுக்கக் குழாய் இறங்கியது, குழி வெட்டப்பட்டது. மொட்டை மாடியில் விழும் மழை யாருடையது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, செலவைப் பகிர்ந்துகொண்டோம். கிணற்றில் நீர் ஏறியபோது எல்லாருக்கும்தான் ஏறியது. அதே மொட்டை மாடியில் விழும் வெயில் மட்டும் ஏன் மேல்மாடி நான்கு வீட்டின் சொந்தப் பிரச்சினையாக வேண்டும்? மாடி பொது. அதைச் சீராக வைப்பதும் பொதுச் செலவு. வெயிலைத் தடுக்கும் அடுக்குக்கு ஆகும் கூடுதல் தொகையில் ஒரு பகுதியை மேல்மாடி வீடுகள் தனியாகத் தர முன்வந்தால் நல்லதுதான். ஆனால் அதை நிபந்தனையாக்கக் கூடாது என்பது என் கருத்து.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. நைந்த அடுக்கை எடுத்துவிட்டு, நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் வெப்பத்தடுப்பு அடுக்கு ஒன்று, அதன் மேல் வெள்ளை ஓடு. வெள்ளைப் பரப்பு புதிதாக இருக்கும்போது வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தூசி படிந்தால் அந்தக் குணம் குறையும், எனவே கோடைக்கு முன் ஒருமுறை கழுவ ஆள் வேண்டும். அந்தச் சின்னச் செலவையும் பராமரிப்புக் கணக்கில் இப்போதே சேர்த்துவிட வேண்டும். முழு அடுக்குக்குப் பணம் போதாது என்று முடிவானால், பழுது பார்த்து வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம். ஒன்றும் செய்யாமல் ஒழுகுவதை மட்டும் தார்ப்பட்டை ஒட்டி மூடுவதுதான் இருப்பதில் மோசமான வழி. கறுப்புப் பரப்பு சூட்டை இன்னும் இழுக்கும்.

சோலார் பேனல் போடலாமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கட்டாயம் போடலாம். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். பத்து கிலோவாட் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 14,600 யூனிட், அதாவது பத்து டன் கரியமில வாயு. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குகளின் செலவில் நல்ல பங்கை அது ஏற்கும். பேனல் தளத்துக்கு நிழலும் தரும், கோல்கொண்டேயின் இரட்டைக் கூரை போல. ஆனால் அதற்கு நிழல் விழாத ஆயிரம் சதுர அடி வேண்டும். துணிக்கொடிகளையும் வடாம் காயும் மூலையையும் எங்கே நகர்த்துவது என்று முதலில் பேசி முடிக்க வேண்டும். பேனல் 25 ஆண்டு நிற்கும் பொருள். அதன் கால்களை நைந்த தளத்தில் ஊன்றிவிட்டு, நான்கு ஆண்டு கழித்துத் தளத்தைப் பெயர்த்தால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். ஆகவே தளம் முதலில், பேனல் பிறகு. அக்டோபரில் மழை தொடங்குவதற்குள் தளம் காய்ந்திருக்க வேண்டுமென்றால் வேலை ஆகஸ்டில் தொடங்க வேண்டும். மேஸ்திரிகளிடம் கேட்ட மதிப்பீடுகள் மூன்றும் அலுவலக அறை அறிவிப்புப் பலகையில் உள்ளன. பொதுக்குழுவுக்கு வருமுன் பார்த்துவிடுங்கள்.